நாசா ஒப்பந்தம் இருந்தால் போட்ட பணம் பத்திரமா?

கேள்வி: ஹூஸ்டனில் பதினொரு ஆண்டுகளாக வசிக்கிறேன், மென்பொருள் வேலை. தமிழ்ச் சங்க விழாவில் பழக்கமான ஒருவர், தனியார் விண்வெளி நிலையம் கட்டும் நிறுவனம் ஒன்றின் பங்குகளை, அவை சந்தைக்கு வருமுன்பே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். குறைந்தது 50,000 டாலர் போட வேண்டுமாம். “நாசாவே ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது, அரசாங்கப் பணம், இரண்டு ஆண்டில் மனிதர்கள் போய்விடுவார்கள்” என்கிறார். மகளின் கல்லூரிப் படிப்புக்கு 2028இல் வேண்டிய பணம் இது. இடம் பிடித்துவைக்க 1,000 டாலர் கொடுத்துவிட்டேன். மீதியையும் போடலாமா? அவர் அனுப்பிய விளக்கப் படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: போடாதீர்கள். அந்த நிறுவனம் மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பொறியாளர்கள் அங்கே இருக்கலாம். ஆனால் உங்களுக்குப் பணம் வேண்டிய ஆண்டு 2028. மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் தொழிலில் “இரண்டு ஆண்டு” என்பது, கல்யாண மண்டபத்தில் “இதோ, இலை போட்டாயிற்று” என்று சொல்வதைப் போன்றது. சொல்பவர் பொய் சொல்கிறார் என்றில்லை. அடுப்படிக்குப் போய்ப் பார்க்காமல் சொல்கிறார், அவ்வளவுதான்.

அவர் அனுப்பிய 14ஆம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒப்பந்தத் தொகை நீல நிறத்தில், கட்டைவிரல் பருமனில் இருக்கிறது. அதன் வால் பக்கம் ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், “அதிகபட்ச மதிப்பு, நிதி ஒதுக்கீட்டுக்கு உட்பட்டது” என்று இருக்கிறது. உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

வீடு கட்டக் கடன் வாங்கியிருந்தால் உங்களுக்கு இது சட்டென்று புரியும். அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தொகை, லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தொகை, தளம் போட்டால் ஒரு தொகை என்றுதான் வங்கி கொடுக்கும். நாசாவும் அப்படித்தான். சோதனை, பரிசீலனைக் கூட்டம், மறுபடி சோதனை என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகே காசோலை. ஒரு வேறுபாடு உண்டு: வீட்டுக்கு வங்கி பெரும்பகுதியைக் கொடுக்கிறது. இத்தகைய கூட்டுத் திட்டங்களில் நாசா ஒரு பங்கைத்தான் கொடுக்கும். மீதியை நிறுவனம் வெளியில் திரட்ட வேண்டும். அந்த “வெளி” யார் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள்தான். அரசுப் பணம் வரத் தாமதமாகும் மாதங்களில் அங்கே சம்பளம் போடப்போவது உங்களைப் போன்றவர்களின் 50,000 டாலர்தான்.

2006இல் ராக்கெட்பிளேன் கிஸ்லர் என்ற நிறுவனத்துக்கு நாசா 20.7 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு முதலில் சரக்கு, பிறகு வேண்டுமானால் ஆட்கள் என்பது திட்டம். ஸ்பேஸ்எக்ஸும் அதே நாளில்தான் தேர்வானது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கிஸ்லரின் ஒப்பந்தத்தை நாசா ரத்து செய்துவிட்டது. காரணம் ராக்கெட் வெடித்ததோ, விபத்தோ இல்லை. திரட்ட வேண்டிய தனியார் முதலீட்டைக் குறித்த காலத்துக்குள் திரட்ட முடியவில்லை. கையில் வந்திருந்தது ஏறத்தாழ 3.2 கோடி டாலர். செய்தித்தாளில் வந்தது 20.7.

உங்கள் நண்பர் காட்டும் துறையிலேயே பாருங்கள். தனியார் விண்வெளி நிலையங்களை வடிவமைக்க 2021 டிசம்பரில் நாசா மூன்று குழுக்களுக்கு மொத்தம் 41.56 கோடி டாலர் அறிவித்தது. அதில் ஒன்றான நார்த்ராப் குரும்மன் 2023இல் தன் நிலையத்தைக் கைவிட்டு, இன்னொரு குழுவோடு சேர்ந்துகொண்டது. அடுத்த கட்டத்துக்கான விதிகளை 2025இல் நாசாவே பாதியில் மாற்றியது. ஆட்டம் நடக்கும்போதே எல்லைக்கோட்டை அழித்து வேறு இடத்தில் போடும் அமைப்பு இது.

அரசு ஏன் இப்படி இழுக்கிறது என்று கேட்பீர்கள். இதைச் சொல்லத் தொடங்கினால் எனக்குப் பொறுமை போய்விடும். 2011 ஜூலையில் விண்வெளி ஓடங்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள். மாற்று வண்டி தயாரில்லை. தனியார் வண்டிகளை விரைவாக முடிக்க 2012ஆம் நிதியாண்டுக்கு 85 கோடி டாலர் கேட்கப்பட்டது; அமெரிக்க காங்கிரஸ் கொடுத்தது சுமார் 40 கோடி. 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகளிலும் சேர்த்து, முதலில் கேட்டதில் 38 சதவீதம்தான் வந்தது என்று நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் எழுதியது. 2015 என்றிருந்த முதல் பயணம் 2017க்குப் போனது. இங்கே மிச்சம் பிடித்தவர்கள் என்ன செய்தார்கள்? 2015இல் ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் ஆறு இருக்கைகளுக்கு 49 கோடி டாலர் எழுதிக்கொடுத்தார்கள். ஒரு இருக்கைக்கு 8 கோடிக்கு மேல். உள்ளூர்க் கொத்தனாருக்குக் கூலி கொடுக்க மறுத்து, அடுத்த தெருவில் வாடகை கட்டுவதற்கு வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள். இது போதாதென்று, அக்டோபர் 1இல் நிதியாண்டு தொடங்கினாலும் வரவுசெலவுத் திட்டம் நிறைவேறாமல், “போன ஆண்டு அளவிலேயே செலவு செய், புதிதாக எதையும் தொடங்காதே” என்ற இடைக்காலத் தீர்மானத்தில் மாதக்கணக்கில் ஓடும். சில ஆண்டுகள் அதுவும் இல்லாமல் அலுவலகத்தையே பூட்டிவிடுவார்கள்.

பணம் ஒழுங்காக வந்தால் மட்டும் நாள் தள்ளாது என்றும் எண்ண வேண்டாம். வால்வு செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் இருந்தபோது, ஒரு சோதனையை “ஏன் இந்த வெப்பநிலையில் செய்தீர்கள்?” என்று பரிசீலனைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலை எழுதி, கையெழுத்துகள் வாங்கி, அந்தக் கேள்வியை மூட பதினொரு வாரம் ஆனது. அதுவரை அந்தக் கட்டத்துக்கான காசோலை வரவில்லை. வால்வு மேசைமேல், பிளாஸ்டிக் உறைக்குள், சிவப்பு அட்டை கட்டியபடி கிடந்தது. ஒரு உள்ளங்கை அகல வால்வு அது. ஆட்களை ஏற்றிச் செல்லக் கட்டிய போயிங்கின் ஸ்டார்லைனர் விண்கலம் 2019 டிசம்பரில் கடிகாரக் கோளாறால் நிலையத்தை எட்டாமல் திரும்பியது. 2021இல் வால்வுகள் ஒட்டிக்கொண்டு, கிளம்பவே இல்லை. 2017 என்று தள்ளிய ஆட்களோடான முதல் பயணம், ஸ்பேஸ்எக்ஸுக்கு 2020 மே மாதத்தில்தான் நடந்தது. போயிங்கில் இருவர் ஏற 2024 ஜூன் ஆயிற்று. அந்த இருவரும் திரும்பியது வேறு வண்டியில்.

“நிர்ணய விலை ஒப்பந்தம்தானே, தொகை மாறாதே” என்று உங்கள் நண்பர் அடுத்து சொல்வார். நாள் தள்ளினால் கூடுதல் செலவு நிறுவனத்தின் தலையில் என்பதே அதன் பொருள். ஸ்டார்லைனரில் போயிங் 200 கோடி டாலருக்கு மேல் இழந்திருக்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரகர்கள் இதைத்தான் “அரசு கைவிடாது” என்பதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்ல 2014இல் போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி டாலர் என்று முடிவானது. பிறகு, நிலையத்துக்கான பயணங்களில் இடைவெளி விழுந்துவிடும் என்று அஞ்சி, 3 முதல் 6 வரையான பயணங்களுக்காக போயிங்குக்கு நாசா 28.72 கோடி டாலர் கூடுதலாக ஒப்புக்கொண்டது. இதில் பெரும்பகுதி தேவையற்றது, ஸ்பேஸ்எக்ஸுக்கு அதே வாய்ப்புத் தரப்படவில்லை என்று 2019இல் தலைமை ஆய்வாளர் அலுவலகம் குறை கண்டது. போயிங் அதை மறுத்தது. சரி, அந்தச் சலுகை யாருக்குக் கிடைத்தது? விலகினால் திட்டமே சாய்ந்துவிடும் என்ற நிலையில் இருந்த ஒரு மாபெரும் நிறுவனத்துக்கு. எதற்காகக் கிடைத்தது? முன்கூட்டியே ஏவித் தருவதாகச் சொன்னதற்காக. அந்தப் பயணங்கள் முன்கூட்டியே வந்தனவா? வரவில்லை. 2025 நவம்பரில் அந்த ஒப்பந்தத்தின் உறுதியான பயணங்களே ஆறிலிருந்து நான்காகக் குறைந்தன. உங்கள் நிறுவனத்துக்கு இப்படி ஒரு கை நீளும் என்று எண்ணி ஒரு டாலர்கூட எடுத்துவைக்காதீர்கள். “ஸ்பேஸ்எக்ஸில் ஆரம்பத்தில் போட்டவர்கள் எங்கேயோ போய்விட்டார்களே” என்றும் அவர் சொல்வார். சொல்லட்டும்.

இனி அவரைப் பற்றி. விளக்கப் படங்களில் 22ஆம் பக்கம் சொல்வது, நீங்கள் வாங்கப்போவது அந்த நிறுவனத்தின் பங்கே அல்ல என்று. பலரின் பணத்தைச் சேர்த்துப் பங்கை வைத்திருப்பதாகச் சொல்லும் ஒரு கூட்டுக் கணக்கில், அதுவும் இன்னொரு கூட்டுக் கணக்கின் வழியாக, உங்களுக்கு ஒரு துண்டு. ஒவ்வொரு படியிலும் நுழைவுக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், லாபத்தில் பங்கு. தாமதம் ஆக ஆக நிறுவனம் புதியவர்களுக்குப் புதிய பங்கு கொடுத்துப் பணம் திரட்டும். உங்கள் துண்டு இளைக்கும். கட்டணம் மட்டும் இளைக்காது. இன்னொன்று: பட்டியலிடப்படாத நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் அனுமதி இல்லாமல் பங்கைக் கைமாற்ற விடுவதில்லை. ஆகவே அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “நிறுவனத்தின் பங்குப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது? நிறுவனம் சம்மதித்த கடிதம் எங்கே?” வாட்ஸ்அப்பில் குரல்பதிவாகப் பதில் வந்தால் அது பதில் அல்ல.

தகுதி பெற்ற முதலீட்டாளர் என்று ஒரு கட்டத்தில் டிக் போடச் சொல்லியிருப்பார். அப்படிச் சொல்லிக்கொள்ள, கடந்த இரண்டு ஆண்டுகளிலும் உங்கள் வருமானம் 2 லட்சம் டாலருக்கு மேல், அல்லது துணைவரோடு சேர்த்து 3 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால், குடியிருக்கும் வீட்டைத் தவிர்த்து, கடன் போக 10 லட்சம் டாலருக்கு மேல் சொத்து இருக்க வேண்டும். “எல்லோரும் சும்மா போடுவதுதான்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பொய்யாகப் போட்ட டிக் உங்கள் கையெழுத்து. நாளை வழக்கு என்று வந்தால் முதலில் அதைத்தான் எடுத்து வைப்பார்கள். அவர் உரிமம் பெற்ற தரகரா என்பதை தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பின் புரோக்கர்செக் தளத்தில் பெயரைத் தட்டினால் இரண்டு நிமிடத்தில் தெரியும், காசும் இல்லை.

கொடுத்த 1,000 டாலரை இன்றே மின்னஞ்சலில் திருப்பிக் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். எந்த நாள், எந்தக் கணக்கு, எதற்காக என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். பணம் ஸெல் என்ற வங்கிப் பரிமாற்றச் செயலி வழியாக ஒரு தனிநபர் கணக்குக்குப் போயிருந்தால் அந்த ரசீதையும் இணையுங்கள். பத்து நாள் பாருங்கள். வரவில்லையென்றால், ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் மாநிலப் பங்குப் பத்திர வாரியத்துக்கு அதே மின்னஞ்சலையும், 14ஆம் படத்தையும், 22ஆம் படத்தையும் அனுப்புங்கள். அடுத்த விழாவில் அவர் முகம் கோணும், கோணட்டும்.