போராட விமானம் ஏறலாமா?

அன்புள்ள ஐயா,

ஜெர்மனியில் லூட்ஸராத் என்ற ஊரை நிலக்கரிக்காக இடித்தது பற்றி எழுதியிருந்தீர்கள். அங்கே வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் போராட வந்தார்கள் என்று படித்ததும் எனக்கும் ஒருமுறை போக வேண்டும் என்று ஆசை வந்தது. கரிப்புகையை எதிர்க்க விமானத்தில் போவாயா என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஊரான் ஊர் விவகாரத்தில் உனக்கு என்ன வேலை என்கிறார் அப்பா. உங்கள் கருத்து என்ன?

கே., கோவை

அன்புள்ள கே.,

விமானப் புகை பொய்யில்லை. உலகின் கரியமில வாயுவில் 2 முதல் 3 விழுக்காடு விமானங்களிலிருந்து வருகிறது. அதனால்தான் ஸ்வீடனின் இளம் காலநிலைப் போராளி கிரெட்டா துன்பர்க் 2019-இல் நியூயார்க்குக்குப் பாய்மரப் படகில் போனார். படகைத் திருப்பிக் கொண்டுவர மாலுமிகள் விமானத்தில் போகிறார்களே என்று அதையும் கேலி செய்தார்கள். சிரிக்கிறவர்கள் எப்படிப் போனாலும் சிரிப்பார்கள். ஆனால் அவ்வளவு புகைக்குத் தகுந்த காரணம் உங்களிடம் இருக்க வேண்டும். அதனால் அப்பாவின் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

லூட்ஸராத்தில் வெளியாட்கள் தாமாக வந்து இறங்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் அங்கே நிலக்கரி தோண்டும் ஆர்.டபிள்யூ.இ. நிறுவனத்துக்கு விற்றுவிட்டுப் போன பின்னும் எக்கார்ட் ஹொய்காம்ப் என்ற விவசாயி வழக்காடிக்கொண்டிருந்தார். போராட்டக்காரர்கள் கூடாரம் போடத் தன் நிலத்தில் இடம் கொடுத்தவர் அவர்தான். சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் கூட்டமைப்பு வைத்து, மஞ்சள் பெருக்கல் குறியை வாசல்களில் நட்டு, ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். அவர்களோடு சேர வந்தவர்கள் மரத்தின் மேல் வீடு கட்டினார்கள், சமைத்தார்கள், குளிர்காலங்களை அங்கேயே கழித்தார்கள்.

2022 அக்டோபரில் அரசும் நிறுவனமும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. அந்த வட்டாரத்தில் நிலக்கரியை நிறுத்தும் ஆண்டு 2038-இலிருந்து 2030-க்கு வந்தது. இடிக்கவிருந்த ஊர்களில் ஐந்து தப்பின, லூட்ஸராத் தப்பவில்லை. 2023 ஜனவரி 11-இல் போலீஸ் உள்ளே இறங்கியது. 14-ஆம் தேதி மழையிலும் சேற்றிலும் கூடியவர்கள் 15,000 பேர் என்றது போலீஸ், 35,000 என்றார்கள் அமைப்பாளர்கள். கிரெட்டா 17-ஆம் தேதி குண்டுக்கட்டாகத் தூக்கிச் செல்லப்பட்டு அன்று மாலையே விடுவிக்கப்பட்டார். உலகம் பார்த்தது இந்தக் கடைசி நாட்களைத்தான். ஆனால் அந்த ஐந்து ஊர்கள் மிஞ்சியதற்குப் பெரிய காரணம், யாரும் படமெடுக்காத அந்த ஆண்டுகள்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தோண்டுவதும் அதே பழுப்பு நிலக்கரிதான். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லை இயந்திரம் விட்டு அழித்தார்களே, அப்போது ஒரு ஜெர்மானியர் வந்து ஒரு நாள் பதாகை பிடித்துவிட்டுப் போயிருந்தால் அந்த விவசாயிக்கு என்ன கிடைத்திருக்கும்? அவரே ஊர்க்காரர்கள் கூப்பிட்டு வந்து, ஆறு மாதம் தங்கி, வழக்குக்கும் உதவியிருந்தால் அது வேறு கதை. உங்களுக்கும் இதுதான் அளவுகோல். பெல்ஜியத்துக்காரர் ரயிலேறி ஒரு நாள் கூட்டத்துக்கு வந்து தலை எண்ணிக்கையைக் கூட்டலாம். கோவையிலிருந்து அதற்காக மட்டும் போகாதீர்கள்.

எந்த நாடு என்பதும் பெரிய விஷயம். 2022-இல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டுக்குக் கெய்ரோவிலிருந்து தனியாக நடந்தே போகக் கிளம்பிய கேரளக் கட்டடக் கலைஞர் ஒருவரைப் போலீஸ் பிடித்து ஒரு நாள் வைத்திருந்தது. கோபன்ஹேகனில் காலநிலை மாநாடு நடந்தபோது, 2009 டிசம்பர் 12-இல், ஊர்வலம் போனவர்களில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கைகட்டிக் குளிர்ந்த தெருவில் உட்கார வைத்தார்கள். அது சட்டவிரோதம் என்று பின்னால் நீதிமன்றம் சொன்னது, சரி. அதற்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நம் பாஸ்போர்ட்டில் போகிறவர் அடுத்த விசாவையும் யோசித்தாக வேண்டும்.

இதையெல்லாம் யோசித்த பிறகும் ஆசை இருந்தால், டிக்கெட் எடுக்கும் முன் அங்குள்ள ஊர்க்காரர்களின் அமைப்புக்கு எழுதிக் கேளுங்கள். கைதாகும் ஆபத்து குறைவான வேலைகள் அங்கே நிறைய இருக்கும்: சமையல், முதலுதவி, மொழிபெயர்ப்பு. "வாருங்கள், இவ்வளவு நாள் தேவைப்படுவீர்கள்" என்று பதில் வந்தால் போங்கள். அப்பாவிடம் அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.