தராசை வீட்டுக்கு ஏன் தூக்கிட்டு வர்றீங்க?

கேள்வி: டீ ஃபேக்டரியில பச்சை இலை எடை போடுற வேலை. ராத்திரியில கதை எழுதுவேன். ரெண்டு வருஷமா எங்க பாட்டி பத்தின ஒரே கதையைத்தான் திருத்திட்டு இருக்கேன், என்கூட ஆரம்பிச்சவங்க பத்து பதினஞ்சு எழுதிட்டாங்க. தினமும் எத்தனை வார்த்தைன்னு ஆப்ல பாக்குறேன், பாதி நாள் பூஜ்யம். பாட்டி கொழுந்து கிள்ளியே காலம் தள்ளுனவங்க, சாகுற வரைக்கும் விரல்ல இலைக்கறை போகல. நான் நேரத்தை வேஸ்ட் பண்றேனா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: தம்பி, முதல்ல அந்த ஆப்பை டெலீட் பண்ணுங்க. பகல்ல நீங்க போடுற எடை காசுக் கணக்கு, ஒரு கிலோ குறைஞ்சாலும் இலை கொண்டு வந்த சின்ன விவசாயிக்கு நஷ்டம், அதுல கறாராத்தான் இருக்கணும், ஆனா அதே தராசை ராத்திரி கதை எழுதுற இடத்துக்கும் தூக்கிட்டு வந்தா எப்படி?

தெரிஞ்சவங்க மூலமா கேட்டுக்கிட்டு ஒரு தோடர் மந்துக்கு, அதான் நம்ம நீலகிரி தோடர் பழங்குடிகளோட குடியிருப்புக்குப் போய், எம்பிராய்டரி போடுற ஒரு அம்மா பக்கத்துல மதியம் முழுக்க உக்காந்து பாருங்க. வெள்ளைத் துணி, சிவப்பு கறுப்பு நூல், துணியில ஒரு பென்சில் கோடு கூட இருக்காது, அந்த அம்மா துணியோட இழையை எண்ணி எண்ணித்தான் ஊசியை இறக்குவாங்க, ஒரு இழை தப்புனா வரிசையே கோணிடும். அவங்களும் எண்ணத்தான் செய்றாங்க, அடுத்த குத்து எங்க விழணும்னு பாக்குறதுக்காக எண்ணுறாங்க. விக்கவும் செய்றாங்க, 2013ல புவிசார் குறியீடு வாங்குன வேலை அது, காசு வாங்குறதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா அதே வேலைப்பாடு போட்ட பூத்துக்குளிங்கிற போர்வையைத்தான் இறந்தவங்களுக்கும் போர்த்தி அனுப்புறாங்க. அத்தனை குத்தும் அந்த ஒரு ஆளோட போயிடுது. அதை எந்த ஆப்ல ஏத்துவீங்க?

நீங்களும் போய்ச் சேர்ந்த ஒருத்தருக்குத்தான் செஞ்சுட்டு இருக்கீங்க, ரெண்டு வருஷம் எனக்கு அதிகமா தெரியல. மத்தவங்க பதினஞ்சு எழுதினா சந்தோஷம், அவங்க கை வேற. என் வருத்தமே வேற: இலைக்கறை பத்தி போற போக்குல ஒரு வரி எழுதிட்டு உடனே வேஸ்டான்னு கேக்குறீங்களே! எந்த விரல்ல இருந்துச்சு, சோறு பிசையும்போது தெரிஞ்சுதா, உங்க தலைக்கு எண்ணெய் வைக்கும்போது பாத்தீங்களா? அந்தக் கறை கதைக்குள்ள இருக்கா இல்லையா? இல்லன்னா இன்னைக்கு ராத்திரி அதுலேர்ந்து ஆரம்பிங்க, எப்ப முடியுதோ அப்ப அனுப்புங்க, நான் படிக்கிறேன்.