அமிலத்தில் திறக்கும் புற்றுநோய் மருந்து: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கட்டிக்குள் மட்டும் அமிலம் எங்கிருந்து வருகிறது?

புற்றுநோய் செல் சர்க்கரையை அரைகுறையாக எரித்து, ஆக்சிஜன் இருக்கும்போதே லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளும். ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்த விஷயம் இது. கட்டியின் ரத்தக் குழாய்களும் கோணல்மாணலானவை, கழிவு தேங்கிவிடும். ரத்தத்தின் பிஹெச் (அமில அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.4, கட்டியில் செல்களைச் சுற்றி பெரும்பாலும் 6.5 முதல் 7 வரை.

இத்தனூண்டு வித்தியாசத்தை மருந்து எப்படிக் கண்டுபிடிக்கும், சார்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அதை மட்டும் நம்பினால் கஷ்டம்தான். பிஹெச்சில் ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு. இங்கே அந்த ஒன்றுகூட முழுசாக இல்லை. நிஜமான அமிலம் செல்லுக்குள், லைசோசோம் என்ற பையில் இருக்கிறது: பிஹெச் 4.5 முதல் 5. மருந்தைச் செல் தானே விழுங்கி அந்தப் பைக்குக் கொண்டுபோகும். மருந்தை அதைச் சுமந்துவரும் பொருளோடு கட்டும் ஹைட்ரசோன் என்ற வேதிப் பிணைப்பு ரத்தத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்கும், அங்கே போனதும் அறுந்து மருந்தை விடும். ரத்தப் புற்றுநோய்க்கான ஜெம்டுசுமாப் ஓசோகாமிசின் இந்த வகைதான். அமெரிக்காவில் 2000இல் அனுமதி, 2010இல் வாபஸ், 2017இல் குறைந்த டோஸில் மறுபடி அனுமதி.

காரத் தண்ணீர் குடித்தால் கட்டியின் அமிலம் குறையுமா?

குறையாது. நுரையீரலும் சிறுநீரகமும் ரத்தத்தை 7.35க்கும் 7.45க்கும் நடுவில் பிடித்து வைத்திருக்கும். காசை மிச்சம் பிடியுங்கள்.

அம்மாவுக்குச் சிவப்பு மருந்து ஏற்றுகிறார்கள். அது இதுவா?

டாக்சோரூபிசினாக இருக்கும். இல்லை, அது நேரடி மருந்து, அமிலத்தில் அறுகிற இணைப்பு எதுவும் இல்லை. அளவு கூடக்கூட இதயத்தைப் பாதிக்கும் என்பதால்தான் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள், தவற விடாதீர்கள். அதையே கொழுப்பு உறையில் அடைத்த வகை 1995இல் வந்தது. மருந்தை உறைக்குள் இழுத்து அடைக்க அமில வித்தியாசத்தைப் பயன்படுத்துகிறார்கள்; ஆனால் கட்டியின் அமிலத்தில் திறக்கும்படி அதை வடிவமைக்கவில்லை.

எலிக்குக் குணமாகிறது என்று மாதம் ஒரு செய்தி. நமக்கு எப்போது?

மருந்தைச் சுமக்கும் மிகச் சிறிய நானோ துகள்களை உடலில் ஏற்றினால், அவற்றில் கட்டியைச் சேர்வது இடைநிலை அளவாக 0.7 சதவீதம் என்று 2016இல் பல விலங்கு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். அப்புறம், அமிலம் அதிகமுள்ள பகுதி ரத்தக் குழாயிலிருந்து தள்ளியிருக்கும். துகள் அவ்வளவு தூரம் ஊடுருவுவதில்லை. செய்தித் தலைப்பில் இதெல்லாம் வராது.

டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேட்கும்படி ஏதாவது?

மும்மறை (டிரிப்பிள் நெகட்டிவ்) மார்பகப் புற்றுநோய் பரவியிருந்தால் சாசிடுசுமாப் கோவிடெகான் பற்றிக் கேளுங்கள். 2020இல் அமெரிக்க அனுமதி பெற்றது, இதன் இணைப்பும் அமிலத்தில் அறுவது. கடும் வயிற்றுப்போக்கும் வெள்ளையணுக் குறைவும் வரலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.