கேட்டுப் பார்க்கட்டும், அப்புறம் விலை பேசலாம்

கேள்வி: அப்பா 1970-களில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மராண்ட்ஸ் 2270 ரிசீவரும் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த பெட்டி) ஒரு ஜோடி ஜேபிஎல் ஸ்பீக்கரும் வீட்டில் இருக்கின்றன. அவர் போன பிறகு யாரும் தொடவில்லை. ஆன்லைனில் விளம்பரம் போட்ட அரை மணி நேரத்தில் ஒருவர் அழைத்தார். ராணுவத்தில் இருக்கிறாராம், கேட்ட விலையை அப்படியே தருகிறாராம். பணம் அனுப்ப என்று ஒரு கியூஆர் கோடும் வந்திருக்கிறது. ஸ்கேன் செய்யலாமா? நியாயமான விலை என்ன?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தயவுசெய்து ஸ்கேன் செய்யாதீர்கள். யூபிஐ-யில் உங்களுக்குப் பணம் வருவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் நம்பரும் போட வேண்டியதில்லை. பின் நம்பர் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். ராணுவ அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்புவது, முதலில் ஒரு சின்னத் தொகையைப் போட்டு நம்பவைப்பது, எல்லாமே பல வருடங்களாக நடந்துவரும் ஏமாற்று வேலை. ஒருவேளை ஏற்கெனவே பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். நிஜமாகவே இந்த செட்டை விரும்புகிறவர் உங்களைக் கேள்வி கேட்டே துளைத்து எடுப்பார்: எத்தனை வோல்ட், வால்யூமைத் திருப்பினால் கரகரக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே அளவில் சத்தம் வருகிறதா, யாராவது திறந்து ரிப்பேர் பார்த்திருக்கிறார்களா, பின்பக்கம் ஒரு போட்டோ அனுப்ப முடியுமா. எரிச்சலாக இருந்தாலும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள், வாங்கப் போகிறவர் அவர்தான். ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்ட விலைக்குத் தலையாட்டுகிறவருக்கு உங்கள் செட் வேண்டாம்.

விலையை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். முதலில் நிலைமையைப் பாருங்கள். 2270 என்பது சேனலுக்கு 70 வாட்ஸ் கொடுக்கும் கனமான பெட்டி, ஆன் செய்தால் டயலில் நீல வெளிச்சம் வரும், அந்த வெளிச்சத்துக்காகவே தேடி வருகிறவர்கள் உண்டு. ஆனால் பல வருடம் சும்மா கிடந்ததை நேராகப் பிளக்கில் செருகிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் வற்றியிருக்கலாம். பழைய ஆம்ப்ளிஃபையர் பார்த்துப் பழகிய மெக்கானிக்காகப் பிடித்து, கரண்ட் ஒரேயடியாகப் பாயாமல் இருக்க சீரிஸில் ஒரு குண்டு பல்பைக் கோர்த்து மெதுவாக உயிர் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றி, பெரிய கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தைச் சுண்டுவிரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். துணியாக இருந்தால் பிரச்சினை இல்லை. பல பழைய மாடல்களில் அது ஃபோம், நம் ஊர் ஈரக்காற்றில் பிசுபிசுத்து, தொட்ட இடத்தில் பழைய ரொட்டி மாதிரி உதிரும். அப்படி உதிர்ந்தால் சத்தமாகப் போட்டுப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் உரசிப் பாழாகிவிடும். வளையத்தை மட்டும் மாற்ற முடியும். அதை மறைக்காமல் விளம்பரத்திலேயே படத்தோடு எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபின் பேரம் பேசிக் குறைப்பதைவிட முன்பே சொல்லிக் குறைத்த விலை எப்போதும் உங்களுக்கு லாபம்.

விலைக்கு, விளம்பரத்தில் கேட்கிற தொகையைப் பார்க்காதீர்கள், யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லிப் பாருங்கள். அதுவும் வெளிநாட்டு விலைதான், ஒரு திசை காட்டும், அவ்வளவே. அப்புறம் வாங்குகிறவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், வீட்டில் இன்னொருவர் கூட இருக்கட்டும். அப்பா வழக்கமாகக் கேட்ட பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்திருக்க மனமில்லாமல் இருக்கிறாரே, அவருக்கு ஆயிரம் இரண்டாயிரம் குறைத்துக்கூடக் கொடுங்கள்.

கேள்வி: டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளைச் சென்னைக்காரர் ஒருவர் கேட்கிறார். பார்சலில் அனுப்பலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: முடிந்தால் அவரையே வரச் சொல்லுங்கள். நான் ஒருமுறை வேறொரு ரெக்கார்ட் பிளேயரைச் சுழலும் தட்டோடு சேர்த்துக் கட்டி அனுப்பி, போய்ச் சேர்ந்தபோது மூடி இரண்டாகப் பிளந்து, ஊசியைத் தாங்கும் கையின் பின்பக்க எடை பெட்டிக்குள் கழன்று உருண்டுகொண்டிருந்தது. வாங்கியவர் அனுப்பிய வீடியோவில் அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

அனுப்பியே ஆக வேண்டுமென்றால், முதலில் அது பாடுவதையும் சீரியல் நம்பரையும் ஒரே வீடியோவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வாங்கியவர் வேறு பிளேயரைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சண்டை போட முடியாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகு ரப்பர் மேட்டை எடுத்துவிட்டு, சுழலும் தட்டை நேராக மேலே தூக்கிக் கழற்றுங்கள். அதன் எடை முழுவதும் நடு அச்சில் உட்கார்ந்திருக்கிறது, லாரி குலுக்கலில் அடி வாங்குவது அந்த அச்சுதான். ஊசியோடு இருக்கும் ஹெட்ஷெல், பின்எடை, மூடி, எல்லாம் தனித்தனியாகச் சுற்றப்பட வேண்டும். கையை அதன் கொக்கியில் பூட்டி, மெல்லிய துணிநாடாவால் ஒரு கட்டுப் போடுங்கள், செலோடேப் வேண்டாம். பிறகு பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவே நாலு பக்கமும் தெர்மாகோல். முழுப் பணமும் கணக்கில் ஏறியதை வங்கி ஆப்பில் பார்த்த பிறகே பார்சல் ஆபீஸுக்குப் போங்கள், எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். உங்களுடையது ஜப்பானில் விற்ற செட் என்றால் 100 வோல்ட் இருக்கும், நம்முடையது 230. லேபிளைப் பார்த்து வாங்குகிறவருக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நகாமிச்சி கேசட் டெக் ஓடவில்லை. ரிப்பேர் செய்து விற்கவா, அப்படியே விற்கவா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அப்படியே விற்றுவிடுங்கள், 'ஓடவில்லை' என்று முதல் வரியிலேயே எழுதி. பெரும்பாலும் ரப்பர் பெல்ட் இளகிப்போயிருக்கும். தெரிந்தவருக்கு அது சின்ன வேலை, தெரியாதவர் கை வைத்தால் டேப்பைப் படிக்கும் ஹெட்டின் கோணம் மாறிப்போகும், அப்புறம் அதைச் சரிசெய்ய ஆள் தேடி நீங்கள்தான் அலைய வேண்டும்.