பயணத்துக்கு எந்த ரேசர்?

கேள்வி: இருபுறமும் கூருள்ள பிளேடைப் பொருத்தும் பழைய வகை ரேசரால்தான் பல ஆண்டுகளாக வீட்டில் சவரம் செய்துகொள்கிறேன். அலுவல் காரணமாக அடிக்கடி விமானத்தில் செல்ல நேர்கிறது. கைப்பெட்டி ஒன்றை மட்டுமே எடுத்துச் செல்வேன். பாதுகாப்புச் சோதனையில் பிளேடுகளை எடுத்துவிடுவதால், போய் இறங்கும் இடத்தில் யூஸ் அண்ட் த்ரோ ரேசர் வாங்கிச் சமாளிக்கிறேன். ஒவ்வொரு முறையும் கழுத்தில் எரிச்சலும் சிவந்த பொரிகளும் வந்துவிடுகின்றன. ஐந்து பிளேடுகள் கொண்ட விலை உயர்ந்த ரேசரை வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: தீரும் என்று சொல்வதற்கில்லை, கூடவும் வாய்ப்புண்டு. பல பிளேடுகள் வரிசையாக அமைந்த ரேசரில், முன்னால் செல்லும் பிளேடு மயிரைப் பற்றிச் சற்றே வெளியே இழுக்க, அது மீண்டும் உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு அதை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட முனை தோலின் மட்டத்துக்குக் கீழே போய் நின்றுவிடுவதால், முகம் வழவழப்பாக இருப்பது உண்மைதான். ஆனால் சுருண்ட அல்லது தடித்த மயிர் உடையவர்களுக்கு அந்த முனை வெளியே வரும் வழியில் தோலுக்குள்ளேயே வளைந்து குத்துகிறது. நீங்கள் சொல்லும் சிவந்த பொரிகள் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகின்றன. ஒற்றைப் பிளேடுக்குப் பழகிய உங்கள் கழுத்து திடீரென்று ஐந்து பிளேடுகளைச் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, இரண்டு பிளேடுகள் உள்ள கார்ட்ரிட்ஜ் (கழற்றி மாற்றும் பிளேடுத் தலை) பொருந்தும், கொஞ்சம் எடையுள்ள கைப்பிடி கொண்ட ரேசர். இதில் எடை முக்கியம். பழைய வகை ரேசரில் உலோகத் தலையின் பாரமே வேலை செய்துவிடும்; பிளேடு தோலைத் தொடும் கோணத்தை மட்டும் கை பார்த்துக்கொண்டால் போதும். பிளாஸ்டிக் ரேசரோ கையில் இருப்பதே தெரியாத அளவுக்கு லேசானது என்பதால், நம்மை அறியாமலே அழுத்திவிடுகிறோம். கோணத்தை அசையும் தலை தானே சரிசெய்துகொள்ளும் கார்ட்ரிட்ஜ் ரேசரிலும் அழுத்தத் தேவையில்லை. கழுத்தில் வரும் எரிச்சலில் பாதிக்குக் காரணம் ரேசர் அல்ல, இந்த அழுத்தம்தான் என்பது என் கணிப்பு.

மீதிப் பாதிக்குக் காரணம், மயிர் எந்தத் திசையில் வளர்கிறது என்று பாராமல் மழிப்பது. ஒரு நாள் சவரம் செய்யாமல் விட்டு, விரல் நுனியால் கழுத்தைத் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கமாகத் தடவும்போது சொரசொரப்புத் தெரியவில்லையோ அதுவே மயிர் வளரும் திசை. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழாக இருக்கும் அந்தத் திசை, தாடைக்குக் கீழே பலருக்குப் பக்கவாட்டில் திரும்பும், சிலருக்குக் கீழிருந்து மேலாகவே போகும். அந்தப் போக்கிலேயே மழித்து, கடைசியில் மீந்திருக்கும் லேசான சொரசொரப்பைப் பயண நாட்களில் பொறுத்துக்கொள்வது நல்லது.

விமான விதியைப் பொறுத்தவரை, உங்களிடம் பிளேடுகளைப் பறித்ததில் வியப்பில்லை. தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய பிளேடும் மடக்குச் சவரக்கத்தியும் பொதுவாகக் கைப்பெட்டியில் அனுமதிக்கப்படுவதில்லை. பிளாஸ்டிக்கில் பதிக்கப்பட்ட கார்ட்ரிட்ஜும் யூஸ் அண்ட் த்ரோ ரேசரும் பொதுவாக அனுமதிக்கப்படுகின்றன. அமெரிக்காவில் உள்ள விதிப்படி, பிளேடு இல்லாத பழைய வகை ரேசரைக் கையில் கொண்டுபோகலாம். ஆனால் எங்கும் இறுதி முடிவு சோதனை செய்யும் அலுவலருடையதே. ஒரு வேடிக்கை என்னவென்றால், 1904-இல் கிங் கேம்ப் ஜில்லெட் காப்புரிமை பெற்ற அந்த இருபுறக் கூர் ரேசர் பெரிய அளவில் பரவியதற்கு, முதல் உலகப் போரில் கடல் கடந்து சென்ற அமெரிக்கப் படைவீரர்களின் மூட்டையில் அது இடம்பெற்றதும் ஒரு முக்கியக் காரணம். பயணத்தால் பெயர் பெற்ற ரேசருக்கு இன்று பிளேடோடு கைப்பெட்டியில் இடமில்லை. ரயிலிலோ பேருந்திலோ செல்லும்போதும், பெட்டியை விமானத்தின் சரக்கறையில் போடும்போதும், வீட்டு ரேசரையே தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். பிளேடைக் கழற்றிவிட்டு, பிரிக்காத பிளேடு உறையைத் தனியாக வையுங்கள். பெட்டியைத் திறந்து துழாவும் விரல்கள் உங்களுடையவையாக மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை.

நுரைக்கு உதவும் பொருளிலும் ஒரு கண் இருக்கட்டும். 2006-க்குப் பிறகு பல நாடுகளில் கைப்பெட்டியில் செல்லும் திரவம், கிரீம், ஜெல் ஆகியவற்றுக்கு 100 மில்லிலிட்டர் வரம்பு உண்டு. அவர்கள் பார்ப்பது கொள்கலனின் அளவை; உள்ளே எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை அல்ல. எனவே முக்கால்வாசி தீர்ந்துபோன 150 மில்லிலிட்டர் டியூபும் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். கட்டியாக இருக்கும் சவரச் சோப்புக்கு இந்தத் தொல்லை இல்லை.

“வீட்டில் தேய்ந்ததைப் பயணத்தில் தீர்த்துவிடலாம்” என்று பழைய கார்ட்ரிட்ஜைப் பையில் போட்டுக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான மயிர்கூட பிளேடின் கூரில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்துவிடும் என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். கண்ணுக்குத் துரு தெரியவில்லை என்பதற்காகக் கூர் இருக்கிறது என்று பொருளாகாது. 5 முதல் 7 சவரத்துக்குப் பின் பிளேடை மாற்றச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சங்கம். ஆகவே புறப்படும் அன்று புதிய கார்ட்ரிட்ஜைப் பொருத்துங்கள். நீர் சொட்டச் சொட்ட மூடியைப் போட்டுப் பையில் திணிக்காமல், உதறி, சற்று நேரம் காற்றாட வைத்த பிறகு மூடுங்கள்.

கேள்வி: வெளிநாடு செல்லவிருக்கும் எனக்கு உறவினர் ஒருவர் எலக்ட்ரிக் ஷேவர் பரிசளித்திருக்கிறார். இதுவரை நான் அதைப் பயன்படுத்தியதில்லை. எல்லா ஊர் மின்சாரத்துக்கும் அது ஒத்துவருமா?

பதில்: மின்சாரத்துக்கு முன்னால் உங்கள் தோலுக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாக எலக்ட்ரிக் ஷேவருக்கு மாறுபவர்களின் தோல் அதற்குப் பழகச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், இன்றே தொடங்கிவிடுங்கள். புறப்படும் நாளுக்குள் எரிச்சல் அடங்கவில்லை என்றால் அதை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். மெல்லிய உலோகத் தகடு மூடிய நேர்த்தலை ஷேவர் தினமும் மழிப்பவர்களுக்கும், வட்டத்தலைகள் சுழலும் வகை இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுபவர்களுக்கும் பொதுவாகப் பொருந்தும்.

மின்சாரத்துக்கு விடை சார்ஜரின் மேலேயே பொடி எழுத்தில் இருக்கும். “100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்” என்று அச்சிட்டிருந்தால் அநேகமாக எந்த நாட்டிலும் செருகலாம். பிளக்கின் முனை பொருந்துவதற்கு ஓர் அடாப்டர் மட்டும் போதும். ஒரே ஒரு வோல்ட் அளவு மட்டும் போட்டிருந்தால், அடாப்டர் அந்த அளவை மாற்றித் தராது என்பதை மறக்க வேண்டாம். சில விடுதிக் குளியலறைகளில் “ஷேவருக்கு மட்டும்” என்று எழுதிய சாக்கெட் இருக்கும். அது மிகக் குறைந்த மின்திறனே தருவது, முடி உலர்த்தியை அதில் செருகக் கூடாது. லித்தியம் பேட்டரி உள்ள ஷேவரைக் கைப்பெட்டியில் வைப்பதே நல்லது. தவறிப்போய் ஓடாதபடி பூட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: நண்பர்கள் நால்வர் சுற்றுலா செல்கிறோம். சுமையைக் குறைக்க ஒரே ரேசரைச் சுடுநீரில் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. சவரத்தின்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியக்கூடும். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது, குழாயில் வரும் சுடுநீரோ ஆஃப்டர் ஷேவ் லோஷனோ அதை அழித்துவிடும் என்று நம்ப முடியாது. ஹெபடைட்டிஸ் சி-யும் இதே வழியில் பரவக்கூடும். சோப்பையும் ஜெல்லையும் வேண்டுமானால் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். ரேசர்கள் நான்காகவே இருக்கட்டும், ஒன்றுபோல் இருந்தால் கைப்பிடியில் பெயரையும் எழுதிவிடுங்கள்.