முன்னால் போகிறவர் வழி விடாவிட்டால்?

கேள்வி: சொந்த ஊர் மட்டக்களப்பு, கல்லடி. இப்போது லண்டனில் வேலை. என்னிடம் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்ட விடும் ‘ட்ராக் டே’ ஒன்றுக்காக பிரான்ட்ஸ் ஹட்ச் போனேன். வளைவுகளில் ஊர்கிற பெரிய கார்கள் நேர்ப் பாதை வந்ததும் பாய்ந்துவிடுகின்றன. நாள் முழுக்க அவற்றின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிய பணத்துக்குத் திருப்தியில்லை. வளைவில் உட்பக்கத்தால் நுழைந்து முந்தினால் என்ன?

பதில்: நுழையவே வேண்டாம், தம்பி. அது பந்தயமல்ல, இங்கிலாந்தின் ட்ராக் டேக்களில் சுற்றுக்கு எத்தனை விநாடி என்று கணிக்கவே விடமாட்டார்கள். முன்னால் போகிறவர் சம்மதம் காட்டிய பிறகே முந்தலாம். அதுவும் நேர்ப் பாதையில், காலைக் கூட்டத்தில் சொன்ன பக்கத்தால் மட்டும். மீறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இடித்துக்கொண்டால் அவரவர் சேதம் அவரவர் தலையில்.

2013இல் புதுப் பாலம் திறக்கும்வரை நம் பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு பக்கத்தார் கடந்து முடியும்வரை மறுபக்கத்தார் காத்து நின்றார்கள். யாரும் அதை அவமானமாக நினைக்கவில்லை. பந்தயத் தடத்தில் மட்டும் வழி விடுவது தோல்வி போலச் சிலருக்குப் படுகிறது. நேரமே கணிக்காத இடத்தில் என்ன தோல்வியோ!

ஆனால் பெரிய கார்க்காரர் எல்லோரும் கர்வம் பிடித்தவர்கள் அல்லர். சிக்னலைப் போட்டதோடு கடமை முடிந்தது என்று எண்ணி, அக்சிலேட்டரை மிதித்தபடியே போகிறவர்களும் உண்டு. நானூறு குதிரைவலுக் கார் காலைத் தளர்த்தாவிட்டால், நூற்றுச் சொச்சம் உள்ள உங்கள் கார் எப்படி முந்தும்? அவர் தன் கோட்டிலேயே நேராகப் போய், வேகத்தை மட்டும் சற்றுக் குறைக்க வேண்டும். பிரேக் பிடிக்கவோ ஒதுங்கவோ தேவையில்லை.

உங்கள் பங்குக்கு, வால் பிடித்து ஓட்டாமல் அவர் கண்ணாடியில் முழுதாகத் தெரியும் தூரத்தில் வாருங்கள். பிரதான நேர்ப் பாதையின் முடிவில் வரும் பாடொக் ஹில் வளைவு திடீரென்று பள்ளத்தில் இறங்குகிறது. முந்துவது அதற்கான பிரேக்குக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பாதியில் நின்றால் பின்வாங்க வேண்டியவர் நீங்கள்தான்.

அப்படியும் வழி விடவில்லையா? முறைத்துக்கொண்டு பின்னால் சுற்றுவதைவிட, தடத்தைவிட்டு ஒதுங்கும் பிட் பாதைக்குள் போய், இடைவெளி பார்த்து வெளியே வாருங்கள். நீங்கள் தேடும் திருப்தி அந்த வெறும் பாதையில்தான் இருக்கிறது. ஒருவரே தொடர்ந்து மறித்தால் அவர் காரின் நிறத்தையும் அடையாளத்தையும் ஏற்பாட்டாளரிடம் சொல்லுங்கள். பின்னால் வருபவருக்கு வழி விடச் சொல்லும் நீலக்கொடியை அவருக்குக் காட்டச் செய்வார்கள். மதிய இடைவேளையில் நீங்களே போய்ப் பேசினால் இன்னும் நல்லது, முதலில் அவருடைய காரைப் பற்றி!

ஒன்று கேட்க மறந்தேன்: உங்கள் பின்னால் யாராவது வந்தார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.