கிழப் பூனையின் இரவு: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து முடிகின்றன: “நித்திரையாக்க ஏதும் மருந்து சொல்லுங்கோ.” நித்திரைக் குளிசை எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. வருத்தக்காரப் பூனை இரவில் கத்தினால் அதற்குக் காரணம் இருக்கும்: பசி, தாகம், நோவு, சலம் முட்டுதல், கண் தெரியாமை. முதலில் அதைப் பிடிக்கவேண்டும்.

எங்கட பூனைக்கு 14 வயசு. ஒரு மாசமா சாமத்தில எழும்பி வீடு முழுக்கச் சுத்திச் சுத்திக் கத்துது. பகலெல்லாம் படுக்கை. நல்லாத்தான் சாப்பிடுது, ஆனா மெலிஞ்சு போச்சு. வயசுக் கோளாறோ? (மாங்குளம்)

உங்கள் கேள்வியில் முக்கியமானது கடைசியில் சொன்ன விடயம்தான். நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிற கிழப் பூனைக்கு முதலில் பார்க்கவேண்டியது தைரொயிட் மிகையாகச் சுரக்கிறதா என்பது. அடுத்தது நீரிழிவு. தைரொயிட் கூடினால் நெஞ்சு படபடக்கும், பூனை ஓரிடத்தில் படுக்காது, எந்நேரமும் பசி. கூடவே இரத்த அழுத்தமும் ஏறலாம். டோர்ச் வெளிச்சத்திலும் கண்மணி சுருங்காமல் விரிந்தே நின்றால், அல்லது பழகிய கதவு நிலையில் போய் முட்டினால், அழுத்தத்தால் விழித்திரை கழன்றிருக்கலாம். அதை அன்றைக்கே காட்டவேண்டும்.

மிருக வைத்தியரிடம் “பூனை கத்துது” என்று மட்டும் சொல்லாமல், நிறையையும் சொல்லுங்கள். நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்தால் போதும். 3.5 கிலோப் பூனை 350 கிராம் குறைவது 70 கிலோ ஆள் ஏழு கிலோ இழப்பதற்குச் சமம். இரத்தத்தில் ரி4 (தைரொயிட் சுரப்பைக் காட்டுவது), சீனி, கிரியற்றினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) மூன்றையும் பார்க்கமுடியுமா என்று கேளுங்கள். தைரொயிட்டுக்குக் கொடுக்கும் காபிமசோல், மனிதருக்கும் கொடுக்கிற மருந்துதான். அதற்காக அம்மம்மாவின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அளவு வேறு. தைரொயிட் இறங்கும்போது அதுவரை மறைந்திருந்த சிறுநீரக நோய் வெளியே வருவதும் உண்டு. அதனால்தான் கிரியற்றினினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் மூளைத் தளர்ச்சி என்று முடிவெடுக்கலாம். சுவர் மூலையைப் பார்த்தபடி நிற்பது, சாப்பிட்டதை மறந்து திரும்பக் கேட்பது அதன் அடையாளங்கள். அப்படியான பூனைக்குச் சாப்பாட்டு நேரத்தையும் படுக்கும் இடத்தையும் மாற்றாதீர்கள். தளபாடங்களையும் இடம் மாற்றவேண்டாம். இரவில் ஒரு சின்ன எல்ஈடி பல்ப் எரியட்டும். மின்வெட்டு என்றால் சோலர் விளக்கு வையுங்கள். மண்ணெண்ணெய் விளக்கை நிலத்தில் வைக்கவே வேண்டாம்.

நோவுக்கு அரைப் பனடோல் குடுக்கலாமா? (விசுவமடு)

கூடாது. அரைக் குளிசையில் 250 மில்லிகிராம் இருக்கிறது, ஒரு பூனையைக் கொல்ல அது போதும். பனடோலில் இருக்கும் பரசிற்றமோலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. சில மணி நேரத்தில் இரத்தம் ஒட்சிசனைக் காவமுடியாத நிலைக்குப் போய்விடும். முரசு மண்ணிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு முட்டும். ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், குளிசைக் கடதாசியோடு உடனே ஓடுங்கள். அந்த நஞ்சை முறிக்கும் மருந்து அசற்றில்சிஸ்டீன். ஐபியூபுரோஃபென், டைக்குளோஃபெனக், நோவுத் தைலம் எல்லாவற்றுக்கும் பதில் ‘கூடாது’ என்பதுதான்.

கிட்னி வருத்தம் எண்டு சொல்லிட்டினம். இரவில படுக்கையிலயே சலம் போகுது. பின்னேரத்துக்குப் பிறகு தண்ணிய நிப்பாட்டலாமா? (புதுக்குடியிருப்பு)

நிறுத்தவே கூடாது. பழுதான சிறுநீரகத்தால் சலத்தைச் செறிவாக்க முடியாது. தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சலம் போய்க்கொண்டேயிருக்கும். நீங்கள் தண்ணீரை எடுத்தால் படுக்கை காயாது, பூனைதான் காயும். விடியற்காலையில் வாந்தியும் சோர்வும் அப்படித்தான் வருகின்றன. படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று, குசினியில் ஒன்று என்று இரண்டு அகன்ற கிண்ணங்களில் தண்ணீர் வையுங்கள். மீசை விளிம்பில் உரசாத அகலம் வேண்டும்.

சலம் போவதற்கு, படுக்கையிலிருந்து ஏழெட்டு அடிக்குள் ஒரு தட்டு வையுங்கள். பழைய பிளாஸ்டிக் பேசினில் ஒரு பக்கத்தை 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வெட்டி, வெட்டிய விளிம்பை ரேப் ஒட்டி மழுக்குங்கள். உள்ளே மூன்று விரல் அளவுக்கு அரித்த மணல் போதும். கிழப் பூனைகள் தட்டுக்கு வெளியே போவதற்குப் பெரும்பாலும் உயரமான விளிம்புதான் காரணம். சோம்பலோ பழிவாங்கலோ இல்லை. படுக்கையின் அடியில் ஒரு பொலித்தீன், மேலே கடதாசி, அதற்கு மேல் துவாய். நனைந்ததும் துவாயை மட்டும் மாற்றலாம். ஈரத்தில் கிடந்தால் தொடை வெந்துவிடும், வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து உலர்த்துங்கள்.

இரவுச் சாப்பாட்டை நீங்கள் படுக்கப்போகும்போது கொடுங்கள், ஆறு மணிக்கே கொடுத்து முடிக்காதீர்கள். உப்பு, வெங்காயம், உள்ளி சேர்க்காமல் அவித்த மீன் சதையைச் சோற்றோடு பிசைந்து, இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு இளஞ்சூட்டில் வையுங்கள். சூடு வாசனையைக் கிளப்பும், பசியில்லாத பூனைக்கு அதுதான் தூண்டல். நெத்தலிக் கருவாடு உப்புக் கட்டி, மறந்துவிடுங்கள். மீன் தலையிலும் முள்ளிலும் பொஸ்பரஸ் அதிகம், கிட்னிப் பூனைக்கு ஆகாது. அவித்த முட்டை வெள்ளைக்கருவில் அது குறைவு, கொஞ்சம் சேர்க்கலாம். ஜீவனிக் கரைசல் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், வைத்தியர் சொல்லாமல் வேண்டாம். ஒரு நாள் முழுக்க எதுவும் தொடாவிட்டால் காத்திருக்காதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறிவிடும்.

தோலைக் கிள்ளிப் பார்த்துத் தண்ணீர் குறைவைக் கண்டுபிடிக்கும் முறை கிழப் பூனையில் ஏமாற்றும். வயதுபோன தோல் எப்படியும் மெதுவாகத்தான் திரும்பும். முரசைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுவென்று ஒட்டினால் தண்ணீர் போதவில்லை.

மார்கழிக் குளிருக்கு சீமெந்துத் தரையில படுக்காமல் அங்கயும் இங்கயும் இடம் மாறுது. கட்டிலில ஏறவும் ஏலாது. (கனகராயன்குளம்)

மூட்டு நோவு. 12 வயது கடந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இருக்கிறது, நொண்டாததால் நமக்குத் தெரிவதில்லை. அகலமான காட்போட் பெட்டியில் ஒரு பக்கத்தை நாலு விரல் உயரத்துக்கு வெட்டி, மடித்த சாக்கு இரண்டும் பழைய போர்வையும் போட்டு, காற்று வராத மூலையில் வையுங்கள். ஒரு லீற்றர் போத்தலில் வெந்நீர் நிரப்பி (உங்கள் மணிக்கட்டில் வைத்தால் சுடக்கூடாது) துவாயால் சுற்றி ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள், சூடு கூடினால் பூனை விலகிப் படுக்க இடம் வேண்டும். ஆறினதும் போத்தலை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது பூனையின் சூட்டை இழுக்கும். கட்டிலுக்கு ஏற ஒரு செங்கல் படி கட்டி, மேலே சாக்கு விரியுங்கள்.

நகத்தையும் பாருங்கள். சீமெந்தில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் நகம் உள்ளே இழுபடவில்லை. முன்காலின் உள்பக்க நகம் வளைந்து பாதச் சதைக்குள் குத்தி நிற்பதுண்டு. இரவு முழுக்க அது படும் அவதிக்கு அந்த ஒரு நகமே காரணமாக இருக்கலாம்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இதெல்லாம் தலைகீழ்: தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம், ஈரச் சாக்கைப் பக்கத்தில் தொங்கவிட்டால் போதும்.

நுளம்புத் திரி கொளுத்தலாமா? (மல்லாவி)

பூட்டிய அறைக்குள் வேண்டாம், நுளம்புவலை போடுங்கள். நாய்க்கு உண்ணிக்கு விடும் பெர்மெத்திரின் மருந்தையும் பூனைக்குப் பூசாதீர்கள், வலிப்பு வரும். கிழப் பூனையை இரவில் வளவுக்குள் விடவும் வேண்டாம். காது கேளாத பூனைக்கு நாயும் தெரியாது, முத்திரைப் புடையனும் தெரியாது.

எப்ப விடியுமட்டும் பாத்திருக்கலாம், எப்ப இரவோட இரவா ஓடவேணும்? (வவுனியா)

நித்திரையில் மூச்சை எண்ணுங்கள். நெஞ்சு ஒருமுறை எழும்பித் தாழ்ந்தால் ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் பயமில்லை. திரும்பத் திரும்ப அதற்கு மேல் போனால் காலையில் முதல் வேலையாகக் காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சுவிட்டால், பின்கால் திடீரென இழுத்துக் குளிர்ந்தால், வலிப்பு நிற்காவிட்டால், கடுவன் பூனை முக்கி முக்கியும் சலம் சொட்டாவிட்டால் விடியும்வரை பொறுக்கமுடியாது. அரச கால்நடை வைத்திய அலுவலகம் அந்த நேரத்தில் பூட்டியிருக்கும். அதனால் இரவில் தொலைபேசி எடுக்கும் ஒரு வைத்தியரின் இலக்கத்தைப் பகலிலேயே கேட்டு எழுதி வையுங்கள்.

குரல் திடீரென மாறி, எச்சில் வடிந்து, காரணமில்லாமல் பாய்ந்தால் விசர்நோயாகவும் இருக்கலாம், தடுப்பூசி போடாத பூனையென்றால் இன்னும் கவனம். கையால் பிடிக்காதீர்கள். கடித்தால், கீறினால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மோட்டச்சைக்கிளில எப்பிடிக் கொண்டு போறது? (ஒட்டுசுட்டான்)

உரப் பைக்குள் போட்டுக் கட்டாதீர்கள், மூச்சுத்திணறும் பூனை வழியிலேயே செத்துவிடும். உடுப்புப் போடும் பிளாஸ்டிக் கூடைகள் இரண்டை வாய்க்கு வாய் வைத்துக் கட்டி, உள்ளே அது படுத்த துவாயைப் போட்டு, மேலே மெல்லிய துணியால் மூடுங்கள். பின்னால் இருப்பவர் மடியில் வைத்துப் பிடிக்கட்டும். முதல் நாள் இரவு அது கத்துவதையும் நடப்பதையும் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், வைத்தியரின் மேசையில் ஏறியதும் பூனை சத்தம் போடாமல் உறைந்துபோய் இருக்கும்.